அண்ணைக்கு வளர்த்த தாடி

1

ஜேர்மனியில் இருக்கிற ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர் இருப்பிடத்துக்கு வந்து, சனம் மோர் வாங்க வரிசையில் நின்ற நேரம். மகேந்திரன் அண்ணை என்னைத் தேடி வந்தார். எங்கள் பக்கத்துத் தமிழ்ச்சனத்தின் நல்லது கெட்டதுக்கெல்லாம் முன்னுக்கு நிற்கிறவர். சட்டைப் பையிலிருந்து ஒரு ஜேர்மன் பத்திரிகைத் துண்டை எடுத்து என் மூக்குக்கு நேரே விரித்தார்.

"இது நீர்தானே, சிவம்?"

"ஓம், நான்தான்."

"பங்குனி மாதப் பேப்பர். அங்கை சனம் பங்கருக்குள்ளை கிடந்து சாகுது. நீர் இஞ்சை ஐஸ் ஹொக்கிக்காரரோடை சேர்ந்து விளையாட்டுக்குத் தாடி வளர்த்திருக்கிறீர். கீழை எழுதியும் கிடக்கு. வாசிச்சுக் காட்டட்டோ?"

வரிசையில் நின்ற நாலைந்து தலைகள் எங்கள் பக்கம் திரும்பின. பின்னால் நின்ற ஒருவர், "நாடு எரியேக்கை இவருக்குச் சோக்கு" என்று வேறு யாருக்கோ சொல்வதுபோல் சொன்னார்.

படத்தில் நான் பஸ் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறேன். முகம் நிறையத் தாடி. கீழே இருந்த ஜேர்மன் வரி இதுதான்: "பஸ் சாரதி சிவாவும் சவரத்தை நிறுத்திவிட்டார். வெற்றி வரும்வரை விசுவாசம்."

"ஓம். தாடி வளர்த்தனான்" என்று மட்டும் சொல்லிவிட்டு மோரைக் குடித்து முடித்தேன். வீட்டுக்கு வரும்போது மனைவி ராணி காருக்குள் வெடித்தாள். "வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே? ஏன் கல்லு மாதிரி நிண்டனீங்கள்?"

மோர் வரிசையில் நின்று சொல்லுகிற சங்கதி அல்ல அது. அதனால் இங்கே எழுதுகிறேன். மகேந்திரன் அண்ணையும் வாசிக்கட்டும், பின்னால் நின்று சொன்னவரும் வாசிக்கட்டும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

2

முதலில் அந்தக் கழகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு ஐஸ் ஹொக்கி என்றால் என்னவென்று தெரிய வழியில்லை. தண்ணீரைக் கல்லாக உறைய வைத்த ஒரு தரை. அதன்மேல் கத்தி பூட்டிய சப்பாத்தோடு, தடியும் கையுமாக ஆட்கள் ஓடுவார்கள். பந்துக்குப் பதிலாகக் கறுப்பு ரப்பர் வட்டு. முதன்முதலில் பார்த்தபோது கிரிக்கெட்டும் சண்டையும் ஒன்றாக நடக்கிறது என்றுதான் நினைத்தேன்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு எங்கள் சிறு பட்டணத்துக்குப் பக்கத்தில் கனடாச் சிப்பாய்களின் முகாம் ஒன்று இருந்திருக்கிறது. மாரியில் குளம் உறைந்ததும் அவர்கள் அதன்மேல் விளையாடினார்கள். வேலி ஓரம் நின்று பார்த்த உள்ளூர்ப் பொடியன்கள் வீடு கூட்டுகிற தும்புத்தடியை வெட்டிக்கொண்டு இறங்கினார்கள். கழகம் தொடங்கியது அப்படித்தான். முகாம் போய்விட்டது, விளையாட்டு நிலைத்தது. நகரசபை மண்டபம் கட்டிக் கொடுத்தது. கழகம் ஒவ்வொரு படியாக ஏறி, நாட்டின் இரண்டாவது பெரிய பிரிவு வரைக்கும் போனது. ஒரு தளபாட வியாபாரி வெளிநாட்டு ஆட்டக்காரர்களை இறக்கினார். அவர் கடனில் முறிந்தபோது கழகமும் முறிந்தது. நீதிமன்றம் பெயரை அழித்துவிட்டது. ரசிகர்கள் வேறு பெயரில் பதிந்து, அடிமட்டத்திலிருந்து மறுபடி ஏறினார்கள். அதுவும் முறிந்தது. இப்போது நடப்பது மூன்றாவது பெயர். நிறம் மட்டும் அன்று தொட்டு இன்றுவரை பச்சையும் வெள்ளையும்.

எங்கள் பஸ்ஸைப் பார்த்தால் இந்த வரலாறு முழுவதும் தெரியும். மழையில் நனைந்து நிற்கும்போது புதுப் பெயரின் பெயின்ற்றுக்குக் கீழே பழைய பெயர்கள் இரண்டும் மங்கலாக எழும்பி வரும். முதல் நாள் அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் அப்படி வந்தவன்தான். கொழும்பில் ஏறும்போது ஒரு பெயர், மொஸ்கோவில் இறங்கும்போது வேறொரு பெயர், போலந்து எல்லையில் இன்னொரு பெயர். அந்த எல்லைக் காட்டுக்குள் இரண்டு நாள் பனியில் கிடந்ததில் இடதுகால் சின்னவிரல் போய்விட்டது. ஐஸை எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது.

ஆனாலும் வேலை அங்கேதான் கிடைத்தது. தொண்ணூறுகளில் வந்த காலத்தில் அகதிக்கு மாவட்ட எல்லை தாண்ட அனுமதி இல்லை. பக்கத்துப் பட்டணத்தில் இருந்த சொந்தக்காரனின் கலியாண வீட்டுக்குப் போகவும் அன்ட்றாக் என்கிற விண்ணப்பம் எழுதி, அலுவலகத்தில் டெர்மின் என்று நேரம் எடுத்து நிற்கவேண்டும். நான் அப்போது கோப்பை கழுவினேன், கோழி வெட்டினேன், பூந்தோட்டத்தில் மண் சுமந்தேன். வதிவிட அனுமதி கையில் வந்த கிழமையே பஸ் லைசென்ஸுக்குப் பதிந்தேன். எழுத்துப் பரீட்சையில் மூன்றுமுறை தோற்றேன். பரீட்சகர், "நீங்கள் லொறிச் சாமான் ஏற்றுகிற வேலையே பார்க்கலாமே" என்று அன்பாகத்தான் சொன்னார். நாலாம் முறையும் போய் உட்கார்ந்தேன். பாஸ்.

இன்றைக்கு இந்த நாட்டின் எந்த எல்லையையும் நான் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு தாண்டுகிறேன். கிழமை நாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். சனி ஞாயிறில் கழகம்.

நான் சேர்ந்தது மூன்றாவது பெயர் வந்த வருடம். நகரசபை மண்டபத்தை மூடிக் கிடங்கு ஆக்கப் பார்த்தது. அந்த மாரி முழுக்கச் சனம் சால்வையைச் சுற்றிக்கொண்டு நகரசபை வாசலில் நின்றது. நானும் பஸ்ஸைக் கொண்டுபோய் அந்த வாசலில் நிறுத்தினேன். பொலிஸ்காரர் எடுக்கச் சொன்னார். "ஸ்டார்ட் வருதில்லை" என்றேன். ஒரு பின்னேரம் முழுக்க ஸ்டார்ட் வரவில்லை. மண்டபம் இன்னும் இருக்கிறது.

3

ஜேர்மன்காரர் பேசுவதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். என் காதில் அது அப்படித்தான் விழுகிறது.

ஊவ என்றொருவன். அறுபதைத் தாண்டியவன், ஆட்டக்காரரின் தடிக்கும் சப்பாத்துக்கும் பொறுப்பு. அவனிடம் ஆயிரம் சாத்திரம் உண்டு. வெளியூர் போகும்போது பஸ் பின்னுக்கு எடுபடக்கூடாது. கோல் காப்பவனோடு யாரும் முதலில் பேசக்கூடாது. எங்கள் ஊர்ப் பல்லிச் சாத்திரம் இவனிடம் பிச்சை எடுக்கவேண்டும். அவனுடைய சாத்திரங்களில் பெரியது பங்குனியில் வரும். அப்போதுதான் மேல்பிரிவுக்கு ஏறுவதற்கான கடைசி ஆட்டங்கள் நடக்கும். அவை தொடங்கினால் ஒருவரும் முகம் வழிக்கக்கூடாது. தோற்று வெளியேறும் நாளில், அல்லது வென்று முடிக்கும் நாளில்தான் சவரக்கத்தி எடுக்கலாம். இது இவனுடைய கண்டுபிடிப்பு அல்ல. இந்த விளையாட்டு உள்ள இடமெல்லாம் இந்த வழக்கம் இருக்கிறதாம். இவன் அதைச் சட்டமாக்கிவிட்டான்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். செத்த வீட்டுக்காரன் முகத்தில் கத்தி வைக்கமாட்டான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குத்தான் வழிப்பான்.

மாசி மாதக் கடைசியில், வவுனியாவில் இருக்கிற மச்சான் ரெலிபோன் எடுத்தார். வன்னியிலிருந்து தப்பி வந்த ஒருவர் சொல்லி அவருக்குத் தெரிந்திருக்கிறது. செல் விழுந்து என் கூடப்பிறந்த அண்ணை முடிந்துபோனார். அண்ணியும் இரண்டு பொடியன்களும் எப்படியோ வெளியே வந்து முள்ளுக்கம்பி முகாமுக்குள் இருக்கிறார்கள். எந்த நாள் செத்தார், எந்த இடத்தில் தாட்டார்கள், ஒன்றும் தெரியாது.

"மச்சான், நாள் தெரியாட்டில் என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

"கேள்விப்பட்ட நாளிலையிருந்து எண்ணு. பொடியள் முகாமுக்குள்ளை ஒண்டும் செய்யேலாது. நீதான் செய்யவேணும்."

அன்று தொட்டு நான் சவரக்கத்தி எடுக்கவில்லை. என் கெட்ட காலமோ என்னவோ, கழகத்தின் கடைசி ஆட்டங்களும் அதே கிழமை தொடங்கின.

4

ஒரு கிழமை கழித்து ஊவ என் நாடியில் வளர்ந்த தாடியைப் பார்த்தான். பிறகு மண்டபமே அதிர, "பாருங்கோடா, எங்கட சாரதியும் வளர்க்கிறான்!" என்று கத்தி என் முதுகில் ஓங்கி அடித்தான். ஆட்டக்காரர் தடியால் தரையில் தட்டினார்கள். அது அவர்களின் மரியாதை.

அப்போதே நான் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று ராணி கேட்டாள். மகள் மதுராவும் கேட்டாள். வேலை செய்கிற இடத்தில் நின்று அழுவது எனக்குச் சரிவராது. ஆறுதல் சொல்ல வருகிறவனுக்கு, அந்த நாடு எங்கே இருக்கிறது, யார் யாரோடு சண்டை என்று முதலில் படிப்பிக்கவேண்டும். படிப்பித்து முடிய அவன், "ஓ, அங்கே கடற்கரை அழகு, என்ன?" என்பான். அண்ணையின் சாவை அதற்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. விளையாட்டுத் தாடி என்று நினைத்தால் நினைக்கட்டும். யாருக்கு வளர்க்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

பத்திரிகைக்காரன் வந்ததும் அந்த நாட்களில்தான். நான் சக்கரத்துக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் படம் எடுத்தான். கேள்வியை ஊவவிடம் கேட்டான். அந்த விசுவாசம் என்கிற சொல் ஊவ சொன்னது.

வீட்டில் வேறு விதமாக இருந்தது. மதுராவுக்குப் பதினைந்து வயது. தமிழில் கேட்டால் ஜேர்மனில் பதில் சொல்லுகிற பிள்ளை. கழகத்தின் பாட்டுகள் எல்லாம் பாடம், தேவாரத்தில் முதல் வரிக்குமேல் போகாது. போனால் போகட்டும் என்று விட்டிருந்தேன். ஒருநாள் என் தாடியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பெரியப்பாவுக்கும் இப்பிடித்தான் தாடி வருமோ?" என்று தமிழிலேயே கேட்டாள். அவள் அவரைக் கண்டதில்லை. "அவருக்குக் கன்னத்திலை வராது, நாடியிலை மட்டும்தான்" என்றேன். அடுத்த கிழமை அவள் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடித்துவிட்டு டுசல்டோர்ஃபில் யுத்தத்தை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் செய்த ஆர்ப்பாட்டத்துக்குப் போனாள். கழுத்தில் கழகத்தின் பச்சை வெள்ளைச் சால்வை. அவளிடம் வேறு சால்வை இல்லை. வகுப்பாசிரியை என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். "நான்தான் அனுப்பினேன்" என்றேன். அனுப்பவில்லை. கேட்டிருந்தால் அனுப்பியிருப்பேன்.

5

கழகம் வென்றுகொண்டே போனது. கடைசியில் ஒரு ஆட்டம் மிச்சம். வென்றால் மேல்பிரிவு. வெளியூர், சனிக்கிழமை பின்னேரம். கலண்டரில் எண்ணிப் பார்த்தேன். அந்தச் சனிக்கிழமைதான் முப்பத்தோராம் நாள்.

வெள்ளிக்கிழமை ஊவவிடம் சொன்னேன். "நாளைக்கு என்ரை முகத்திலை தாடி இராது."

அவன் பகிடி என்று நினைத்துச் சிரித்தான். "பிறகு உன்ரை தலையும் இராது" என்றான்.

சனிக்கிழமை விடிய வீட்டில் வழித்துவிட்டு, ஊன்ட்றொப் கால்வாய்க்கரைக்குப் போனோம். கோயில் ஐயர் சுருக்கமாகச் செய்து வைத்தார். தர்ப்பை, எள்ளு, பிண்டம். அண்ணையின் பெயரைச் சொல்லச் சொன்னார். தில்லைநாதன் என்றேன். காற்று அள்ளிக்கொண்டு போனது. ஒரு சரக்குக் கப்பல் கால்வாயால் போனது, அதன் மேல்தட்டில் நின்ற மனிசன் எங்களைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான். எப்படித் தெரிந்ததோ தெரியாது.

வந்தவர்கள் மிகக் குறைவு. அன்றைக்கும் டுசல்டோர்ஃபில் ஆர்ப்பாட்டம், எங்கள் சனம் முழுவதும் அங்கே. மதுராவும் அங்கே. அதில் எனக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் ராணி இரவிரவாகச் சமைத்த சோறு கறி, வடை, மோதகம் எல்லாம் அண்டாவோடு அப்படியே இருந்தது. அந்தியேட்டிச் சாப்பாட்டைக் கொட்டக் கூடாது. நாலு பேர் சாப்பிடவேண்டும். நேரமும் இல்லை. அண்டாவைக் காரில் ஏற்றிக்கொண்டு நேரே மண்டபத்துக்கு ஓடினோம்.

பஸ்ஸுக்கு முன்னால் ஆட்டக்காரர் சாமான் ஏற்றிக்கொண்டு நின்றார்கள். நான் காரைவிட்டு இறங்கினேன். அணித்தலைவன் யென்ஸ், கூரை வேலை செய்கிறவன், ஆறடிக்கு மேல். கையிலிருந்த மூட்டையை நிலத்தில் விட்டுவிட்டு, "கடவுளே" என்றான்.

ஊவ பஸ் கதவுக்குள் ஏறி, இரண்டு பக்கமும் கையை ஊன்றி மறித்துக்கொண்டான். முகம் சிவந்துபோயிருந்தது. "இண்டைக்கோ? இண்டைக்கெண்டு பாத்தோ? வழிச்சவன் இந்தப் பஸ்ஸிலை ஏறேலாது. அதுதான் சட்டம்."

"சரி. நீ ஓட்டு" என்று பஸ் திறப்புக்கோர்வையை நீட்டினேன்.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஊவ சிரிக்கவில்லை. "இவ்வளவு நாள் வளர்த்தாய். ஒரு பின்னேரம் பொறுக்கேலாமல் போச்சோ உனக்கு?"

"அது உங்களுக்கு வளர்த்ததில்லை, ஊவ. இண்டையோடை கணக்கு முடிஞ்சுது. அதுக்குமேலை ஒரு மணித்தியாலமும் வைச்சிருக்க எனக்கு உரிமையில்லை."

"என்ன கணக்கு?"

அவனுக்கு நான் பதில் சொல்லுமுன் ராணி காரின் பின்கதவைத் திறந்தாள். இந்த மண்டபத்துப் பக்கம் அதற்குமுன் அவள் வந்ததே இல்லை. ஐஸ் விளையாட்டுக்காரரால்தான் நான் கோயிலுக்கு ஒழுங்காக வருவதில்லை என்று அவளுக்குக் கோபம். வெள்ளைச் சேலையும் மேலே மாரி ஜாக்கெட்டுமாக அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து, பஸ் படியில், ஊவவின் சப்பாத்துக்கு முன்னால் வைத்தாள். முதியோர் இல்லத்துச் சலவை வேலையில் படித்த ஜேர்மன் அவளுடையது. கட்டளை நன்றாக வரும், மற்றது வராது.

"இவருடைய அண்ணன் செத்தார். போர். இன்றைக்கு முகம் வழிக்கிற நாள். இது அண்ணனுடைய சாப்பாடு. சாப்பிடு."

ஊவவின் கைகள் கதவிலிருந்து இறங்கின. "எப்ப?" என்று என்னைக் கேட்டான்.

"தாடி தொடங்கின அண்டைக்குத்தான் கேள்விப்பட்டனான்."

யென்ஸ் வாயைத் திறந்தான். ஆறுதல் வரப்போகிறது என்று எனக்கு விளங்கியது. "துக்கம் விசாரிக்க வேண்டாம்" என்றேன். "பசிச்சால் சாப்பிடுங்கோ. பசிக்காட்டிலும் சாப்பிடுங்கோ. நேரம் போகுது."

முதலில் குனிந்தவன் கோல் காப்பவன். பேக்கரியில் வேலை செய்கிற தடித்த பொடியன். ஒரு வடையை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு முழுதாக வாயில் போட்டான். பிறகு எல்லாரும் வந்தார்கள். ராணி கடதாசித் தட்டில் சோறு போட்டுப் போட்டுக் கொடுத்தாள். கரண்டி இல்லை. கையால் சாப்பிட்டார்கள், ஒழுகவிட்டுச் சாப்பிட்டார்கள். ஊவ, "ஆட்டத்துக்கு முதல் எண்ணெய்ப் பலகாரம் ஒருத்தரும் தொடக்கூடாது, சொல்லிப்போட்டன்" என்று முணுமுணுத்துக்கொண்டே மூன்றாவது வடையைக் கடித்தான். ராணி அண்டாவின் அடியைச் சுரண்டி, ஒரு பருக்கை மிச்சமில்லை என்று எனக்குக் காட்டினாள். அண்ணைக்குச் செய்யவேண்டியது அதோடு முடிந்தது.

நான் ஏறி ஸ்டார்ட் போட்டேன்.

ஒரு கோலால் தோற்றோம். கடைசி நிமிடம்வரை சமன், பிறகு அந்த ரப்பர் வட்டு எங்கள் பேக்கரிக்காரனின் கால்களுக்கிடையால் போய்விட்டது. சட்டப்படி எல்லோரும் அங்கேயே முகம் வழித்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பஸ்ஸில் ஏறினார்கள். நாடிகள் வெளிறிப்போய், எல்லாரும் பத்து வயது குறைந்த மாதிரி. எல்லாருக்கும் என் முகத்தைப் பார்க்கக் கூச்சம். யாராவது வாயைத் திறந்து, சாரதி வழித்ததால்தான் என்று சொல்லட்டும், கேட்கிறேன் என்று ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். பதிலை ஆயத்தமாக வைத்திருந்தேன். நல்ல பதில், அச்சில் போட ஏலாது.

கடைசியாக ஊவ ஏறினான். என் சீற்றுக்குப் பக்கத்தில் நின்று பின்பக்கம் திரும்பினான்.

"ஒருத்தரும் இவன்ரை முகத்தைப் பாக்கவேண்டாம்" என்றான். "எல்லாம் அந்த வடையாலை வந்த வினை. கோல் காக்கிறவனுக்குக் கால் மடங்கேல்லை. பதினொண்டு திண்டவன்."

"ஒன்பது!" என்று பின்னாலிருந்து பேக்கரிக்காரன் கத்தினான்.

பஸ் வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். செய்தி வந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக.

வழியில் ஊவ முன்சீற்றில் இருந்துகொண்டு அண்ணையின் பெயரைக் கேட்டான். சொன்னேன். அவன் வாய்க்குள் அது முறிந்தது. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். நான் திருத்தித் திருத்திக் கொடுத்தேன். ஊர் எல்லைப் பலகை தெரிந்தபோது ஓரளவு வந்துவிட்டது.

6

இதுதான் நடந்தது. நான் மறைக்கவில்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. அந்த மாதங்களில் நான் பஸ் ஓட்டினேன். ஆட்டம் பார்த்தேன். கோல் விழுந்தால் கத்தினேன். அண்ணைக்காக முகம் வழிக்காமல் இருந்தேன். எல்லாம் ஒரே ஆள்தான் செய்தது. துக்கம் காக்கிறவன் வேலையை விட்டுவிட்டு மூலைக்குள் இருக்கவேண்டும் என்று சட்டம் போடுகிறவர்கள், அந்த மாதம் என் வீட்டு வாடகையையும் யோசித்திருக்கலாம்.

வைகாசியில் அங்கே யுத்தம், சனம் எல்லாம் முடிந்தது. உங்களுக்குத் தெரியும். அண்ணியும் பொடியன்களும் இன்னும் முகாமுக்குள்தான். மூத்தவன் ஒருமுறை ரெலிபோனில் வந்தான். "சித்தப்பா, அப்பாவுக்குச் செய்தனீங்களோ?" என்றுதான் முதலில் கேட்டான். "செய்தனான். முப்பது பேர் வந்து சாப்பிட்டவை" என்றேன். "அவ்வளவு சனமோ!" என்றான். ஓம் என்றேன். யார் யார் என்று அவன் வெளியே வந்தபிறகு விபரமாகச் சொல்லுவேன்.

இந்தக் கிழமை அடுத்த பருவத்துக்கு மண்டபத்தில் புது ஐஸ் போட்டுவிட்டார்கள். மண்டபத்துத் தேநீர்க்கடையை நடத்துகிற ஹைக்க, அந்தப் பத்திரிகைப் படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாள். அந்தக் கீழ்வரி எனக்கு வருத்தமென்றால் வெட்டிவிடுகிறேன் என்றாள். வெட்டவேண்டாம் என்றேன். பேனை வாங்கி, படத்துக் கண்ணாடியைக் கழற்றி, அந்த ஜேர்மன் வரிக்குக் கீழே பெரிய எழுத்தில் தமிழில் எழுதினேன்: தில்லைநாதன். தேநீர் வாங்க வருகிறவர்கள் அது என்னவென்று கேட்கிறார்கள். நான் நிற்கும்போது நான் சொல்லுகிறேன். நான் இல்லாதபோது ஊவ சொல்லுகிறானாம்.

வருகிற மாசியில் ஆண்டுத் திவசம். கழகமும் கடைசி ஆட்டங்களுக்குப் போய்ச் சேரும் என்று ஊவ சத்தியம் பண்ணுகிறான். அவர்கள் தாடி வளர்ப்பார்கள். நான் வழித்த முகத்தோடு ஓட்டுவேன். சாரதிக்கு விலக்கு என்று சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். ராணியிடம் வடைக்கு இப்போதே சொல்லியாகிவிட்டது. ஆட்டத்துக்குப் பிறகு மட்டும் என்பது ஊவவின் நிபந்தனை.

மகேந்திரன் அண்ணை, உங்களுக்கும் சேர்த்துத்தான் சுடச் சொல்லியிருக்கிறேன். பச்சை வெள்ளைப் பஸ், மண்டபத்துப் பின்வாசலில் நிற்கும். வாங்கோ. வந்து, அந்தப் படத்தின் கீழே இருக்கிற பெயரை எல்லாருக்கும் கேட்க ஒருக்கால் வாசித்துக் காட்டுங்கோ. எங்களுக்குள் அதைப் பிழையில்லாமல் சொல்லக்கூடியவர்கள் குறைவு. பிறகு இருந்து சாப்பிடுங்கோ.